மானுக்கும் வீட்டுக்கும் ஒரே ரைஃபிள்

ஆட்டர் ஏரிச் சாலை, வட மிச்சிகன்
அக்டோபர் 2, 1995

அன்புள்ள ரெய்னோ மாமாவுக்கு,

ஐலா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. பாலைவனக் காற்றில் உங்கள் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் கேட்கலாம் என்றால், சுரங்கத்து வெடிகள் தின்றது போக உங்கள் காதில் மிச்சம் ஒன்றுமில்லை. அதனால் கடிதம்.

ஒரு யோசனை வேண்டும். சொந்தமாக ஒரு ரைஃபிள் வாங்கப்போகிறேன். தானாகத் தோட்டா ஏற்றும் செமி ஆட்டோமேட்டிக்காக இருந்தால் நல்லது. ஜூனில் சமையலறையில் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்ததே, அதற்குப் பிறகு சுடும்போது பழைய துப்பாக்கிகள் தரும் உதையைத் தாங்க முடியாது. நவம்பரில் மான் வேட்டைக்குப் போகவும் வேண்டும், மற்ற நாட்களில் வீட்டில் காவலுக்கு இருக்கவும் வேண்டும். என் கணவர் போன பிறகு சாலையின் கடைசி வீட்டில் நான் ஒருத்திதான். ஆகஸ்டிலிருந்து இந்தப் பக்கம் மூன்று காட்டுக்குடில்களின் ஜன்னலை உடைத்துத் திருடியிருக்கிறார்கள்.

எதை வாங்கலாம்? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஐலா

*

டிரெய்லர் குடியிருப்பு, அரிசோனா
அக்டோபர் 12

ஆட்டர் ஏரியின் அரசி, என் ஒரே மருமகள் ஐலாவுக்கு,

கள்ளிச்செடிகளின் சக்கரவர்த்தி, பதினேழு பல்லிகளின் பாதுகாவலன், உன் மாமன் ரெய்னோ எழுதும் திருமுகம். நான் நலம். இருமல் அதைவிட நலம். ராத்திரி நான் ஒன்று இருமினால் பக்கத்து மாநிலத்தில் நாய்கள் பதில் சொல்கின்றன. வெயிலைக் கேட்காதே. நேற்று ஒரு பல்லி என் நிழலில் நிற்க இடம் முன்பதிவு செய்துவிட்டுப் போனது.

ரைஃபிள் பற்றி நீ சரியான ஆளிடம் கேட்டிருக்கிறாய். 1958-ல் நான் சுட்ட மானின் கொம்பு வாசலில் நுழையாமல் வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டினோம். உன் அம்மா இருந்திருந்தால் பொய் என்பாள். அக்காக்களுக்குத் தம்பிகள் மேல் எப்போதும் பொறாமை.

இப்போது கவனமாகக் கேள். மானுக்கும் வீட்டுக்கும் ஒரே துப்பாக்கி என்பது, சர்ச்சுக்கும் சுரங்கத்துக்கும் ஒரே செருப்பு வாங்குவது மாதிரி. இரண்டு இடத்திலும் கொஞ்சம் கடிக்கும். மானுக்கு நல்ல கனத்த தோட்டா வேண்டும். அதே தோட்டா வீட்டுக்குள் வெடித்தால் திருடனையும் துளைத்து, சுவரையும் துளைத்து, சாலையில் போகிற பாதிரியாரின் தொப்பியையும் கழற்றும். நம் வீடுகள் மரப்பலகை, ஞாபகம் இருக்கட்டும். சுடுவதற்கு முன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் சுடாதே. காட்டில் செமி ஆட்டோமேட்டிக் என்றால் குழலிலும் தோட்டா அடைக்கும் மேகசினிலும் சேர்த்து ஆறு தோட்டாதான் சட்டம். ஆறும் சுட்டு மான் விழவில்லை என்றால் மான் ஜெயித்தது என்று வீட்டுக்கு வா.

படத்தைப் பார்த்து வாங்காதே. கடையில் கண்ணை மூடித் தோளில் வை, திறந்து பார். உன் கண் நேராகக் குறியில் விழுந்தால் அதுதான் உன் துப்பாக்கி. கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் அது வேறு யாருடையதோ. குளிரில் கெட்டி எண்ணெய் போடாதே. தானாகத் தோட்டா ஏற்றும் இயந்திரம் உறைந்துபோய், என்னைப்போல இருமிக்கொண்டு நிற்கும்.

ஆனால் உன் அப்பாவின் பழைய ரைஃபிள் எங்கே? சும்மா சுவரில்தானே தொங்கியது? உன் தம்பி ராட்னி எப்படி இருக்கிறான்? ஈஸ்டருக்குப் பிறகு பயலிடமிருந்து ஒரு வரி இல்லை. மரம் அறுக்கும் ஆலையில் அடிபட்ட முதுகு தேவலையா?

காட்டுக்குள் இருக்கும் என் குடிலில் விறகு நிரப்பினாயா? தீப்பெட்டியை ஜாடியில் போட்டு வை. அறுபது வருடமாகப் பூட்டாத கதவு அது. பனியில் வழி தப்பியவன் எவனாக இருந்தாலும் உள்ளே நெருப்பு மூட்டி உயிர் பிழைக்கட்டும் என்று உன் தாத்தா விட்ட கதவு.

இப்படிக்கு, பேரரசன் ரெய்னோ (காது கேளாதோர் பிரிவு)

*

ஆட்டர் ஏரிச் சாலை
அக்டோபர் 25

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமலுக்குத் தேன் குடியுங்கள். இங்கே முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது.

லவேர்னின் இரும்புக்கடைக்குப் போனேன். நீங்கள் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தோளில் வைத்தேன். லவேர்ன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா, தூங்குறியா?"

"மாமா இப்படித்தான் பாக்கச் சொன்னாரு."

"ரெய்னோவா? அந்தாளு கண்ணைத் திறந்து சுட்டே நான் பாத்ததில்ல."

நான்காவதாக எடுத்தது நேராக விழுந்தது. கறுப்பு வால்நட் மரக் கட்டை, கனம் அதிகமில்லை, உதையைப் பாதி அதுவே விழுங்கிக்கொள்கிறது. மேகசினில் நான்கு தோட்டா. லவேர்ன் தோட்டாவைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "மானுக்கா, மனுசனுக்கா?"

"மானுக்கும் வீட்டுக்கும்."

"ரெண்டும் வேணும்னு வர்றவங்க நிஜமா ஒண்ணுக்குத்தான் வர்றாங்க" என்றார். அப்புறம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மணல்குழியில் இருபது தோட்டா சுட்டுக் குறி சரிசெய்தேன். நூறு கஜத்தில் எல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகின்றன. தோள் வலிக்கவில்லை. மெல்லிய எண்ணெய்தான் போட்டிருக்கிறேன். உங்கள் குடிலில் கூரை வரை விறகு அடுக்கிவிட்டேன். தீப்பெட்டி ஜாடியில் இருக்கிறது. ஹில்மா அத்தையின் ஏலக்காய் ரொட்டி ஒன்றை அனுப்புகிறேன், உடைந்து தூளாகத்தான் வரும்.

நலத்தோடு இருங்கள்.

ஐலா

*

அரிசோனா
நவம்பர் 4

வால்நட் கட்டை ஏந்திய வீராங்கனைக்கு,

ரொட்டி தூளாக வந்தது. கரண்டியால் சாப்பிட்டேன். வாசனைக்கு மொத்தக் குடியிருப்பும் என் வாசலில் வரிசையில் நின்றது, காவல்துறை வந்து கலைக்க வேண்டியதாயிற்று. நான் நலம்.

லவேர்ன் சொன்னதை நம்பாதே. 1949-ல் என்னோடு வேட்டைக்கு வந்து தன் தொப்பியைத் தானே சுட்டுக்கொண்ட மகாபுருஷன் அவன். ஆனால் உன் தட்டு அளவுக் குறி பிரமாதம். மான் வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்தில் பள்ளிக்கூடமே லீவு விடுகிற ஊரில், பள்ளிச் சமையல்காரியான உனக்கு மட்டும் மான் இல்லையென்றால் ஊருக்கே அவமானம்.

சரி, இப்போது மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கண்ணை மூடித் தோளில் வைக்கச் சொன்னேன், பதில் இருக்கிறது. எண்ணெய், விறகு, தீப்பெட்டி, எல்லாவற்றுக்கும் இருக்கிறது. அப்பாவின் ரைஃபிளுக்கு இல்லை. ராட்னிக்கு இல்லை. நீ மறந்தாயா, அல்லது எனக்குக் கண்ணும் போய்விட்டதா?

கண் போயிருந்தால் அதையாவது எழுது. சந்தோஷப்படுவேன்.

உன் மாமன் ரெய்னோ

*

ஆட்டர் ஏரிச் சாலை
நவம்பர் 19

மாமா,

உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பாவின் ரைஃபிளை ராட்னி போன வருடமே விற்றுவிட்டான். முதுகு வலிக்குக் கொடுத்த மாத்திரை இப்போது அவனை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஜன்னல்களை உடைப்பது அவன்தான். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை, எனக்காக. ஜூனில் நான் சமையலறையில் விழவில்லை. பணம் இல்லை என்றேன், தள்ளினான். எலும்பு உடைந்த சத்தம் கேட்டு உட்கார்ந்து அழுதான். மறுவாரம் திரும்ப வந்தான்.

இதுதான் நான் கேட்ட வீட்டுக் காவல்.

முதல் நாள் வேட்டைக்குப் போனேன். வெளிச்சம் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தேவதாரு மரங்களுக்கு நடுவே பழுப்பாக ஒன்று அசைந்தது. ரைஃபிளின் ஸ்கோப்பில் பார்த்தேன். ராட்னி. ஆரஞ்சுச் சட்டை போடாமல், வேட்டைக்காலத்தில், காட்டின் நடுவில் நடந்து வருகிறான். என்னைப் பார்த்துவிட்டான். நின்றான்.

"சுடப்போறியாக்கா?"

"மூடிட்டு ஓரமாப் போடா. எவனாவது மான்னு சுட்டுத் தொலைப்பான்."

"நீயே சுட்டுடேன். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"உளறாத. சாப்டியா?"

"புதுசா இருக்கே. மாமா சொல்லி வாங்கினதா?"

"உனக்கெதுக்கு?"

"நல்லாருக்கு. நல்ல வெலைக்குப் போகும்" என்று சிரித்தான். என் சாண்ட்விச்சைக் கொடுத்தேன். நின்றபடியே தின்றுவிட்டுப் போனான்.

அவன் பேசி முடிக்கும் வரை நான் ரைஃபிளைத் தாழ்த்தவில்லை, மாமா. சுடாமல் தடுக்கும் பாதுகாப்பு விசையை எப்போது விலக்கினேன் என்று எனக்கே தெரியாது. கை நடுங்கவில்லை. அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது. இப்போது அது என் படுக்கையறை மூலையில் நிற்கிறது. அவன் மறுபடி கதவைத் தட்டும்போது அது வீட்டில் இருக்கக் கூடாது. அவனுக்குப் பயந்து இல்லை. எனக்குப் பயந்து.

மான் கிடைக்கவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐலா

*

அரிசோனா
டிசம்பர் 1

என் கண்ணே ஐலா,

நாலு நாள் சக்கரவர்த்தி வேலைக்குப் போகவில்லை. பல்லிகளுக்கு விடுமுறை. நான் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

ராட்னி ஆறு வயதில் என் தோளில் உட்கார்ந்து, ஏரியில் விழுந்த என் பொய்ப்பல்லைத் தேடுவதற்காக மொத்த ஏரியையும் வாளியால் இறைக்கலாம் என்றான். என் பரம்பரையில் என்னைவிடப் பெரிய பொய்க்கனவு கண்டவன் அவன் ஒருவன்தான். அந்தப் பயல் உன் எலும்பை உடைத்தான் என்று படிக்கும்போது, எந்தப் பக்கம் கோபப்படுவது என்று தெரியாமல் டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

இப்போது யோசனை. லவேர்னிடம் திருப்பிக் கொடுத்தால் காரணம் கேட்பான், சாயங்காலத்துக்குள் சர்ச்சு வரை போய்விடும். போலீஸ்கார ஷெரீஃபிடம் கொடுத்தால் ராட்னியை உள்ளே போடுவான். உன் அம்மாவின் பிள்ளை ஜெயிலில் என்று யாரும் சொல்ல வேண்டாம். ரைஃபிளை என் குடிலுக்குக் கொண்டு போ. உன் வீட்டிலிருந்து ஒன்றரை மைல். கோபம் வந்தாலும் அவ்வளவு தூரம் பனியில் நடப்பதற்குள் ஆறிவிடும். தோட்டாவை வீட்டிலேயே வை.

ஆனால் பூட்டாத குடிலில் துப்பாக்கி என்றால் அது நேராக அவன் கைக்குப் போகும், அங்கிருந்து எவன் கைக்கோ. ஆகவே பேரரசனின் ஆணை: பூட்டுப் போடு. பெரிய பூட்டாக வாங்கு. தாத்தா மேலே இருந்து திட்டினால் என்னைத் திட்டட்டும், எனக்குத்தான் காது கேட்காதே. மார்ச்சில் பனி கொஞ்சம் விட்டதும் பஸ் ஏறி வருகிறேன். அவனிடம் நான் பேசுகிறேன். அதுவரைதான்.

உன் மாமன்

*

ஆட்டர் ஏரிச் சாலை
டிசம்பர் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். சொன்னபடி செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்ததும் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு போனேன். ரைஃபிளைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். உள்ளே அடுப்பு வெதுவெதுப்பாக இருந்தது. சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு, தரையைப் பெருக்கினேன். விறகு நிறையக் குறைந்திருந்தது. மேஜை மேல் இருந்த போர்வையை மடித்து வைத்தேன். பூட்டிவிட்டு வந்தேன். சாவி என் கழுத்தில் இருக்கிறது.

ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக நேற்று விடியும் வரை தூங்கினேன். ராட்னி இந்தப் பக்கம் வரவே இல்லை. நாளை பெரிய பனிப்புயல் என்று ரேடியோவில் சொல்கிறார்கள்.

இருமலுக்கு மருந்து குடிக்கிறீர்களா? கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஐலா

*

அரிசோனா
டிசம்பர் 20

ஐலா,

கடிதம் இப்போதுதான் வந்தது. அடுப்பு ஏன் வெதுவெதுப்பாக இருந்தது?

பூட்டைத் திற. இதைப் படித்து முடிக்காதே, முதலில் போய்த் திற. ரைஃபிளை ஏரியில் போடு, லவேர்னிடம் கொடு, ஷெரீஃபிடமே கொடு, ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். விறகு போடு. போர்வையை எடுத்த இடத்தில் வை.

குடியிருப்பு அலுவலகத்துப் பெண்ணை உன் வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன். புயலில் கம்பி அறுந்திருக்கிறது என்கிறாள். ஒன்பது தடவை போடச் சொன்னேன். "தாத்தா, எத்தனை தடவை போட்டாலும் அறுந்தது அறுந்ததுதான்" என்கிறாள். அவளுக்கு நம் ஊர்க் குளிர் தெரியாது.

உடனே பதில் எழுது. ஒரு வரி போதும்.

ரெய்னோ

*

ஆட்டர் ஏரிச் சாலை
ஜனவரி 9, 1996

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ராட்னி கிடைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

போன் சரியான பிறகும் நான் கூப்பிடவில்லை. நீங்கள் "யாரு? யாரு?" என்று கேட்பீர்கள். அந்தப் பெயரை நான் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். முடியாது.

பனிவண்டிப் பாதை போடுகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். குடிலின் வாசலில், கதவில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உயிர் போனது புயலின் முதல் நாளாக இருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. கதவருகே கொஞ்சம் சுள்ளி எரிந்து அணைந்திருந்தது. விறகெல்லாம் உள்ளே.

ஷெரீஃபின் ஆள் வந்தார். இளம் ஆள், நல்லவர்.

"ஒண்ணு மட்டும் புரியலம்மா. தலைக்குப் பக்கத்துலயே ஜன்னல். ஊர்ல அத்தனை குடிலோட ஜன்னலையும் உடைச்சவன் இவன். இதை மட்டும் ஏன் உடைக்கல?"

அவருக்குக் காபி ஊற்றினேன்.

"பூட்டுல ஒரு கீறல்கூட இல்ல" என்றார்.

"அது எங்க மாமா குடில்" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. எழுதிக்கொண்டார்.

மண் இரும்பாக உறைந்திருக்கிறது, தோண்ட முடியாது. கல்லறைத் தோட்டத்துப் பிணவறையில் மற்றவர்களோடு அவனையும் மே மாதம் வரை வைத்திருக்கிறார்கள். ஏரிக்கரைப் பக்கம் இந்தக் குளிர்காலத்தில் ஐந்து பேர், அவனோடு.

நீங்கள் வெளியே குளிரில் நிற்காதீர்கள்.

ஐலா

*

அரிசோனா
பிப்ரவரி 25

அன்புள்ள ஐலா,

ஏழு வாரம் பதில் இல்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று ஒரு பெரிய கதை தயார் செய்திருந்தேன். மூன்று டாக்டர்கள், ஒரு ஹெலிகாப்டர், கண்ணீர் விடும் நர்ஸ். எல்லாம் பொய். டிரெய்லரில்தான் இருந்தேன். எழுதுவேன், கிழிப்பேன். எதை எழுதினாலும் வேடிக்கையாக வந்து நின்றது. எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது என்பதை இந்த வயதில் கண்டுபிடித்தேன்.

பூட்டுப் போடச் சொன்னது நான். ஊரில் யார் கேட்டாலும் அப்படியே சொல். ரெய்னோ கிழவன் கடிதத்தில் ஆணையிட்டான், காட்டுகிறேன் பார் என்று எடுத்துக் காட்டு. அந்த ஒரு கடிதத்தில் நான் மிகைப்படுத்தி எழுதியது ஒரு வார்த்தை கூட இல்லை.

அடுப்பைப் பற்றி டிசம்பரில் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ பதில் எழுத வேண்டாம். மே மாதம் வரும்போதும் கேட்க மாட்டேன். சாகும்வரை கேட்க மாட்டேன். நீ பெருக்கிய தரை, நீ மடித்த போர்வை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்குக் காது கேட்காது.

முதல் மண்ணை நான் வெட்டுகிறேன் என்று கல்லறைக்காரரிடம் சொல்லி வை. மூச்சு வாங்கினால் உட்கார்ந்து வெட்டுகிறேன்.

சாப்பிடுகிறாயா? மெலிந்துவிட்டாய் என்று ஹில்மா எழுதியிருக்கிறாள். கனமாகச் சாப்பிடு.

மாமன் ரெய்னோ

*

ஆட்டர் ஏரிச் சாலை
மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று சாப்பிட்டேன். மே பதினொன்றாம் தேதி அடக்கம். பஸ் நிலையத்தில் நிற்பேன். தடிமனான கோட்டு கொண்டு வாருங்கள், இங்கே மேயிலும் பனி விழும்.

குடிலின் கதவைக் கழற்றிவிட்டேன். கீல் துருப்பிடித்திருந்தது, ஒரு பகல் முழுக்க ஆனது. இப்போது உள்ளே மேஜைக் கால் வரை பனி. நரி ஒன்று வந்து போன தடம் இருக்கிறது. நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

நேற்று ரைஃபிளை லவேர்னிடம் கொண்டு போனேன். குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், விசையை இழுத்துப் பார்த்தார்.

"புதுசாவே இருக்கேம்மா. மணல்குழிக்கப்புறம் சுடவே இல்லையா?"

"இல்ல."

"மான்கூட அடிக்கலையா?"

"அடிக்கல."

"எதாவது கோளாறா? சிக்குதா?"

"ஒரு கோளாறும் இல்ல. நல்ல துப்பாக்கி."

கொஞ்ச நேரம் துணியால் கட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் வியாபாரி இல்லையா, கேட்டுவிட்டார்.

"வேட்டைய விடு. தனியா இருக்க, வீட்டுக்காவது வச்சுக்கலாமே?"

"வேண்டாம், லவேர்ன். இனிமே யாரும் வரமாட்டாங்க."

ஐலா